தாய்முகம் காணாத குஞ்சுகள்

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் தெற்கே அடையாற்றின் உப்பங்கழி பரந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்ட அக்கழியோரத்தில் 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பட்டு, 2011-ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்கே சென்றால் பட்டினப்பாக்கம். ஆற்றுமுகத்தைக் கடந்தால் பெசன்ட் நகர்க் கடற்கரை. காற்று வாங்க வந்தோர் கலைந்து சென்றபின், அம்மணலுக்கு வேறு விருந்தினர் வருகின்றனர்.

மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் கடலாமைகளே அவர்கள். தை மாதம் தொடங்கி இரவு நேரங்களில் கரையேறும் தாய் ஆமை, பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. மீண்டும் வந்து பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் தாயின் முகத்தைக் காண்பதே இல்லை.

ஆயினும் இயற்கை அவற்றைக் கைவிட்டுவிடவில்லை. இருளில் நிலத்தைவிடக் கடலின் அடிவானமே வெளிச்சமாகத் தோன்றும். அவ்வொளியே குஞ்சுகளுக்கு வழிகாட்டி. அந்த வழிகாட்டியை மறைத்தவர் நாம். தெருவிளக்குகளின் ஒளியில் மயங்கிச் சாலையை நோக்கி ஊர்ந்து வரும் குஞ்சுகள் வண்டிகளுக்கும், நாய்களுக்கும், காக்கைகளுக்கும் இரையாகின்றன.

இந்நிலை கண்டு, 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள் இரவு நடை மேற்கொண்டு முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் அப்பணியை ஏற்று நடத்துகின்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து, தடம் பார்த்து, முட்டைகளைப் பக்குவமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழமும் வடிவமுமுள்ள குழியில் புதைக்கின்றனர். குஞ்சுகள் பொரிந்ததும் அவற்றை நீரில் கொண்டுபோய் விடுவதில்லை. அலைக்குச் சற்று முன்பாக மணலில் விட்டு, தாமே நடந்து செல்ல விடுகின்றனர்.

வளர்த்தல் வேறு, மீட்டல் வேறு என்பதை இங்கே காண்கிறோம். மலேசியாவின் சபா மாநிலத்தில் செபிலோக் என்னுமிடத்தில், 2008-இல் வோங் சியூ தே என்பவர் சூரியக் கரடிகளுக்கு ஒரு காப்பகம் நிறுவினார். நமது வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் வாழும் இனம் அது. வேட்டையில் தாயை இழந்து, வீடுகளில் கூண்டில் அடைபட்ட குட்டிகள் அங்கே சேர்க்கப்படுகின்றன. மரமேறவும், கறையானைத் தோண்டி உண்ணவும் தாய் கற்பித்திருக்க வேண்டியதை அவை காட்டிலேயே பழகுகின்றன. கரடிக்குட்டிக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். ஆமைக்குஞ்சுக்கோ இருள் மட்டும் போதும். இரண்டிற்கும் நோக்கம் ஒன்றே: மனிதனை நாடாமல் வாழவிடுதல்.

எனினும் முட்டைகளை மட்டும் காத்தால் போதாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கி மடியும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்ற விதி ஏட்டில் உள்ளது. தாய்கள் மடியுமாயின், பொரிப்பகத்துக்கு முட்டைகள் ஏது?

பங்குனி மாலையொன்றில் பிள்ளைகளைப் பெசன்ட் நகருக்கு அழைத்துச் செல்லுங்கள். கைவிளக்கு வேண்டா; கைப்பேசி ஒளியும் வேண்டா. உள்ளங்கையில் அடங்கும் அக்குஞ்சு முதல் அலையில் புரண்டு, மீண்டும் எழுந்து நடப்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணட்டும். கடலோரத்தில் குடியிருப்போர், அம்மாதங்களில் கடல் நோக்கிய விளக்குகளை இரவில் அணைத்துவைத்தால் அதுவே பேருதவி.