கப்டன் மல்சாக்

யுத்தகால வரலாற்றைப் படிப்பிக்கும்போதெல்லாம் தளபதிகளின் பெயர்களோடு ஹியூ மல்சாக் என்ற பெயரையும் கரும்பலகையில் எழுதுவேன். பாடநூலில் அப்பெயர் இல்லை.

1886இல் மேற்கிந்தியத் தீவுகளில், யூனியன் தீவிலே பிறந்த மாலுமி அவர். அமெரிக்காவிலே கப்பற்றலைவருக்குரிய சான்றிதழைப் பெற்றார். நிறமோ கறுப்பு. மார்க்கஸ் கார்வியின் கப்பற் கம்பனியில் அதிகாரியாக இருந்த சொற்ப காலம் போக, இருபது வருடங்களாக அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சமையற்கட்டுத்தான். சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிறருக்குச் சமைத்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. மாலுமிகளுக்குத் தட்டுப்பாடும் வந்தது. கறுப்பரை மட்டும் கொண்ட கப்பலுக்குத் தலைவராகும்படி கேட்டார்கள். மறுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த பதவி!

"முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் போராடியிருக்கலாமே, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் கப்பலை ஏற்றிருந்தால் இனப்பிரிவினைக்கே அவர் தலைவராகியிருப்பார். 1942இல் பல இனத்தவரும் ஒன்றாக உழைத்த 'புக்கர் ரி. வாஷிங்ரன்' அவர் தலைமையிற் புறப்பட்டது. 22 பயணங்கள் சென்றது.

யுத்தம் முடிந்தது, கப்பலும் போயிற்று. இடதுசாரி என்று ஒதுக்கப்பட்டு, சான்றிதழையும் இழந்தார். 1960இல் நீதிபதி ஒருவர் அதனை மீட்டுக்கொடுத்தார். எழுபத்துநான்காவது வயதில், கப்பலொன்றிலே இரவு நேர அதிகாரியாக அவருக்கு வேலை கிடைத்தது.