வலுவான பிணைப்பு எது?

பிணைப்புகளை வலிமை வரிசையில் எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதிவிடுவோம். வாண்டர்வால்ஸ் விசை, ஹைட்ரஜன் பிணைப்பு, அதற்கு மேலே சகப்பிணைப்பும் அயனிப் பிணைப்பும். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் சுரக்குடியில் இருந்துகொண்டு, சுற்றிலும் டெல்டா களிமண்ணைப் பார்த்தால் இந்த வரிசை கொஞ்சம் இடிக்கிறது.

சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 58.5 கிராம், அதாவது ஒரு மோல் உப்பைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்க 787 கிலோஜூல் தேவை. உருக்க 801 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் மூலக்கூறுகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்போ மோலுக்கு 20 கிலோஜூல் அளவுதான், நோஞ்சான்! ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு கை உப்பைப் போட்டால்? கரைந்தே போகிறது. காரணம், ஒவ்வொரு அயனியையும் பல நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அதில் வெளிவரும் ஆற்றல் அந்த 787-ஐ ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிடுகிறது. துண்டு விழுவது மோலுக்கு 4 கிலோஜூல் மட்டுமே. 787 என்பது தண்ணீர் பக்கத்தில் இல்லாதபோது போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

இப்போது தலைகீழான கதை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காரைக்கால், நாகை கடலோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. உப்புதான் கரையுமே, நாலு மழையில் போய்விடாதா? பெரும்பகுதி போகும். ஆனால் களிமண் துகள்களின் மேல் எதிர்மின் சுமை உண்டு. சோடியம் அதில் ஒட்டிக்கொள்கிறது. பிடி என்னவோ லேசானதுதான். ஆனாலும் வெறும் மழைநீரால் அதை முழுசாகக் கழுவ முடியாது. ஒரு நேர் அயனி இடத்தைக் காலி செய்தால் வேறொரு நேர் அயனி வந்து உட்கார வேண்டுமே! சோடியம் மிகுந்த மண் குழைந்து, துளைகள் அடைத்து, தண்ணீர் இறங்காமல் தேங்கும். பயிர் என்ன செய்யும்?

அதற்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியத்துக்கு இரண்டு நேர்மின் சுமை, சோடியத்துக்கு ஒன்று. கால்சியம் இடத்தைப் பிடிக்கும், சோடியம் வெளியேறும். வடிகால் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண், வெளியே வந்த சோடியம் வயலிலேயே நிற்கும்.

ஜிப்சமும் அயனிச் சேர்மம்தான். ஆனால் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும். உப்பு 360 கிராம் கரைகிறது. அதனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம்தான் முந்திப் படியும், உப்பு பிறகுதான். வயலைக் கெடுத்த கடல்நீரிலேயே மருந்தும் இருந்திருக்கிறது :-)