உள்ளங்கைச் சிவப்பு

கரண்ட் போன இரவுகளில் டார்ச் முகப்பை உள்ளங்கையால் பொத்துவது அக்காவுக்கும் எனக்கும் விளையாட்டு. விரல்கள் சிவந்து ஒளிரும். மற்ற நிறங்களைச் சதை விழுங்கிவிடுகிறது, சிவப்பை வெளியே விடுகிறது என்ற விஷயம் அப்போது தெரியாது.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இருவரிடமும் மறைந்திருந்த ஒரே குறை அக்காவிடம் வந்து கூடிற்று, என்னைத் தொடவில்லை. முதலில் மாலைக்கண். பதினெட்டு வயதில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் லேபிள் ஒட்டப் போனாள். பக்கத்தில் வைத்த பசைக் கிண்ணம் கண்ணில் படாமல் தட்டித் தட்டிக் கவிழ்த்தாள், நிறுத்திவிட்டார்கள். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது.

விழித்திரை மூளையின் நீட்சிதான். இந்த நோயில் சாவது ஒளியை வாங்கும் செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு செல்கள் பெருமளவு உயிரோடிருக்கின்றன, வேலையற்று. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசி வெளிச்சத்தை உணர்ந்து நீந்த உதவும் புரதத்தை நரம்பு செல்லில் ஏற்றினால், ஒளி பட்டதும் அது துடிக்கும். ஸ்டான்ஃபோர்டில் பாய்டனும் டைசரோத்தும் 2005இல் இதைக் காட்டினார்கள். ஆனால் நீல ஒளி சதைக்குள் போகாது. அதற்காக எலிகளின் மூளைக்குள் கண்ணாடி இழையைச் செருகினார்கள். சிவப்புக்கு அசையும் புரதம் கிடைத்தபின் 2020இல் டைசரோத் குழு மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே 7 மில்லிமீட்டர் ஆழத்துச் செல்களை இயக்கியது. எங்கள் டார்ச் விளையாட்டுத்தான்.

மனிதர் கண்ணுக்கு ஊசியே போதும். பாரிஸ் பரிசோதனையில் 58 வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு கண்ணில் ஊசி போட்டு, ஆரஞ்சு ஒளி பாய்ச்சும் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அதன் முடிவு 2021இல் வெளியாயிற்று. மேஜைமேல் வைத்த நோட்டுப் புத்தகத்தை நூற்றுக்கு 92 தடவை தொட்டுக் காட்டினாராம். சின்ன டப்பா என்றால் 36தான். சமரேந்திர மொஹந்தியின் நானோஸ்கோப் நிறுவனம் சாதாரண வெளிச்சமே போதும் என்கிற முறையில் இந்தியாவிலும் 11 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்திருக்கிறது.

இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘சுவிட்ச்’ என்கிறார்கள். கவிதையில் யாராவது இத்தனை சோம்பலான படிமத்தைப் போட்டால் நாம் விடுவோமா? எங்கள் பாங்கில் சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றும் (சில நாள் சுற்றாது). அந்த மனிதருக்குப் பயிற்சி தொடங்கி ஏழு மாதம் கழித்துத்தான் ஏதோ தெரிய ஆரம்பித்தது. செல் துடிப்பது வேறு, பார்ப்பது வேறு.

ஒரு ஞாயிறு மத்தியானம் அக்காவுக்கு இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். நம்பிக்கை தருகிறோம் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘அந்த நோட்டுல என்னடா எழுதியிருந்துச்சாம்?’

‘வாசிக்கிற அளவுக்கெல்லாம் தெரியாதுக்கா. அங்க இருக்குன்னு தெரியும்.’

‘தடவிப் பாத்தா எனக்கும்தான் தெரியும்.’ கொஞ்ச நேரம் கழித்து, ‘அது பெரிசுதான், இல்லேங்கல. ஊசி வலிக்குமா?’

அந்தக் கட்டுரையில் அவள் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று தேடினேன்.

‘சரி, அத வை. நேத்து கதைய விட்ட எடத்துலருந்து வாசி’ என்றாள்.