பின் சீட்டில் அம்மா (ஹன்ட்டர் 350 டெஸ்ட் ரைடு)

வேலூர் சி.எம்.சி.க்குப் போவது என்றால் ஆம்பூர்ப் பக்கத்தில் அது ஒரு நாள் சம்பளம் போன கணக்கு. அதனால் போகிற அன்றைக்கே வேலூரில் இருக்கிற மற்ற வேலைகளையும் முடித்துவிடுவார்கள். 2025 அக்டோபரில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாதனூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் வந்திருந்தது. அம்மாவுக்கு முதுகு வலி, டாக்டரிடம் காட்ட வேண்டும். பையனுக்கு ராயல் என்ஃபீல்டு ஹன்ட்டர் 350 பைத்தியம், ஷோரூமில் பார்க்க வேண்டும். நைனாவுக்கு இரண்டிலும் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் லீவு போட்டாகிவிட்டதே...

மூன்று பேருமே ஷூ கம்பெனி. நைனா 26 வருடமாகக் கட்டிங் செக்‌ஷன். அம்மா வேறொரு கம்பெனியில் ஸ்டிச்சிங். (ஆம்பூரில் எந்த ஸ்டிச்சிங் ஹாலை எட்டிப் பார்த்தாலும் பெண்கள்தான் அதிகம்.) பையன் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடமாக டிஸ்பேட்சில் இருக்கிறான். வீட்டில் இருப்பது 2009-ல் வாங்கிய ஸ்பிளெண்டர். காலை ஏழேகாலுக்கு நைனா அதில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, ஹைவேயில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு தன் வேலைக்குப் போவார். பதினாறு வருடமாக இதுதான் ரூட்.

புது வண்டி ஆசை திடீரென்று வந்ததல்ல. ஆனால் அந்த மாதத்தில் வந்ததற்குக் காரணம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான டூவீலர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஹன்ட்டரின் இன்ஜின் 349 சி.சி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நூல் இழையில் தப்பித்த வண்டி! அதே கம்பெனியின் 450 சி.சி. வண்டிகளுக்கு வரி 40 சதவீதமாக ஏறியது. ஒன்றரை லட்சம் விலை என்று வைத்துக்கொண்டால் அதில் பழைய வரி சுமார் 32,800 ரூபாய், புது வரி 21,100. பதினோராயிரத்துச் சொச்சம் மிச்சம். பையன் இதை பேப்பரில் எழுதி வீட்டு ஃபிரிட்ஜ் மேலே ஒட்டிவைத்திருந்தான்.

ஃபிரிட்ஜில் ஒட்டாத கணக்கு ஒன்றும் இருந்தது. அதே வருடம் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அம்மா வேலை பார்க்கிற லைனில் தைப்பது அமெரிக்க ஆர்டர். செப்டம்பரிலிருந்து ஓ.டி. கிடையாது. ஒரே மாதத்துக்குள் ஒரு வரி ஏறி வீட்டு வருமானத்தைக் குறைத்தது, இன்னொரு வரி இறங்கி பைக் விலையைக் குறைத்தது. பையன் இரண்டாவதை மட்டும் பார்த்தான். இருபத்திரண்டு வயதில் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஷோரூமில் ஏ.சி. நன்றாக இருந்தது. வண்டிகளின் கலர் பெயர்களைக் கேட்டால் ஏதோ ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரி இருக்கும்: ரியோ ஒயிட், டோக்கியோ பிளாக், லண்டன் ரெட். "லண்டனுக்கு நம்ம ஷூ போச்சு, லண்டன் இங்க வந்துகீது" என்றார் நைனா. சேல்ஸ் தம்பிக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தான்.

நைனா வண்டியில் முதலில் தொட்டது டாங்கையும் இல்லை, ஹேண்டில்பாரையும் இல்லை. சீட். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், ஓரத் தையலை நகத்தால் நெருடினார், குனிந்து மோந்தும் பார்த்துவிட்டார்! பையனுக்கு மானம் போனது.

"ரெக்சின்டா இது. தையல் பரவால்ல, சீரா கீது."

குறையாகச் சொல்லவில்லை அவர். பைக் சீட்டுக்குத் தோல் சரிப்படாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். ரெக்சின் என்பது துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு, துடைத்தால் போதும். ஆனாலும் 26 வருடம் தோலை வெட்டிய கை, எதைத் தொட்டாலும் முதலில் தரம் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும்.

முதல் ரவுண்டு பையன். கிரீன் சர்க்கிள் தாண்டி, சத்துவாச்சாரி பக்கம் சர்வீஸ் ரோட்டில் போய்த் திரும்பி வருவது. சேல்ஸ் தம்பி பின்னால். போகும்போதே ஒப்பித்துக்கொண்டு வந்தான்: 20.2 பி.எச்.பி., 27 நியூட்டன் மீட்டர் டார்க், அஞ்சு கியர், 13 லிட்டர் டாங்க். பையனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் மனப்பாடம் செய்ததும் கைக்கு வருவதும் வேறு வேறு. மூன்றாவது கியரில் 30-ல் போய்க்கொண்டிருக்கும்போது லேசாக முறுக்கினான். இன்ஜின் திணறவில்லை, கியரைக் குறைக்கச் சொல்லவில்லை, அப்படியே இழுத்தது. டார்க் என்றால் இதுதானா என்று அப்போதுதான் புரிந்தது. 17 இன்ச் சக்கரம், நீளம் குறைந்த வண்டி என்பதால் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே வளைத்து எடுப்பது சுலபமாக இருந்தது. 2025-ல் வந்த திருத்திய மாடலில் கிளட்ச் விரலுக்கு லேசாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் முதலில் வந்த ஹன்ட்டரில் பின் சஸ்பென்ஷன் ரொம்ப விறைப்பு என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கம்பெனியும் 2025-ல் ஸ்பிரிங்கை மாற்றி, தரைக்கும் வண்டிக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் கூட்டியது. அந்த மாற்றம் தெரிந்ததா என்று கேட்டால் பையனிடம் பதில் இல்லை. சர்வீஸ் ரோட்டில் பள்ளமே வரவில்லை. வந்தாலும் அவன் கவனித்திருக்க மாட்டான். மிதந்துகொண்டிருந்தான்.

இரண்டாவது ரவுண்டு நைனா. இங்கேதான் கூத்து.

ஸ்பிளெண்டர் எடை 112 கிலோ. ஹன்ட்டர் 181. ஸ்டாண்டை எடுக்கும்போதே "ஏய்..." என்றார். அதைச் சமாளித்துவிட்டார். கியரில்தான் மாட்டிக்கொண்டார். ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும், குறைப்பதற்குக் குதிகாலால் பின்னால் மிதிக்க வேண்டும். ஹன்ட்டரில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் விரலால் மேலே தூக்க வேண்டும். பின்னால் மிதிக்க லீவரே கிடையாது. பதினாறு வருடப் பழக்கம் என்ன செய்யும்? இரண்டாவதில் போய்க்கொண்டிருந்தவர் மூன்றாவது போடுவதாக நினைத்து ஒரு மிதி மிதித்தார். வண்டி முதல் கியருக்கு விழுந்து முக்கியது, பின்னால் இருந்த சேல்ஸ் தம்பி அவர் முதுகில் வந்து முட்டினான். கொஞ்ச தூரம் போய் சிக்னலில் இன்ஜின் ஆஃப். பின்னால் ஹாரன்.

திரும்பி வந்து இறங்கியவர் கோபப்படவில்லை. "அந்தக் காலத்துல தோல் ஷாப் மொதலாளி புல்லட்டு வச்சிருந்தாரு. அதுல கியரு வலது கால்ல. இவனுங்க வண்டி எப்பவுமே நம்ம காலுக்கு ஒத்து வராது" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குப் புல்லட் என்றால் அந்தச் சத்தம்தான். தெருமுனையில் டப்டப் கேட்டதுமே ஷாப்பில் எல்லோரும் குனிந்து வேலை செய்வார்களாம். 1955-ல் மெட்ராஸில் தொடங்கி திருவொற்றியூரில் செய்த வண்டிகள், பிற்பாடு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். இங்கிருந்து நூறு சொச்சம் கிலோமீட்டர்தான். ஷூ ஏற்றிய கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற அதே ஹைவேயில் எதிர்ப்பக்கம் பைக் ஏற்றிய லாரி பெங்களூருக்குப் போகும். அவர் வாழ்க்கை முழுக்க எதிர்ப்பக்கம் போன வண்டி. ஏறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கதை இங்கேயே முடிந்து பையன் அட்வான்ஸ் கட்டியிருக்க வேண்டும். நிறைய வீடுகளில் அப்படித்தான் முடியும். ஓட்டுகிறவன் தனியாகவோ, சேல்ஸ்மேனைப் பின்னால் வைத்தோ நல்ல ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் போவான், "சூப்பர் ப்ரோ" என்று வந்து கையெழுத்துப் போடுவான். அடுத்த பத்து வருடம் பின்னால் உட்காரப் போகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். பைக் ரிவ்யூ எழுதுகிறவர்களும் பின் சீட்டைப் பற்றி கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினால் அதிகம்.

அம்மா கேட்காமலே எழுந்துவிட்டார். எக்ஸ்ரே கவரை நைனா கையில் கொடுத்தார்.

"என்ன ஒரு ரவுண்டு கூட்டினு போடா."

ஹெல்மெட் ஒன்று அவருக்கும் கொண்டுவந்தார்கள். ஏறுவதே முதல் பரீட்சை. சீட் உயரம் ஸ்பிளெண்டரைவிட அதிகமில்லை, சில மில்லிமீட்டர்தான். ஆனால் ஸ்பிளெண்டர் சீட் பலகை மாதிரி நீளமாக, ஒரே மட்டமாக இருக்கும். இதில் பின்பகுதி குறுகிப் போகிறது. ஒரு பக்கமாக உட்கார்ந்ததும் கை தானாகப் பிடியைத் தேடியது. அந்த வண்டி விலை கூடிய மெட்ரோ வகை, பிடி அழகுக்காக ஒட்டினாற்போல் சின்னதாக இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பையன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பின் சீட்டுக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கிற தடுப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதியே சொல்கிறது. ஷோரூம் வண்டியிலும் சேலை கார்டு இருந்தது. வாங்கிய மறுநாளே அதைக் கழற்றிவிடுவதாகப் பையன் பிரெண்ட்ஸிடம் ஏற்கெனவே அறிவித்திருந்தான். லுக் கெடுகிறதாம் :-)

அவன் சர்வீஸ் ரோட்டில் போகவில்லை. அம்மா போகவிடவில்லை. உள்ளே ஒரு தெருவுக்குத் திரும்பச் சொன்னார். குழாய் பதித்து மூடாத ரோடு. அங்கேதான் அந்தப் புது ஸ்பிரிங்குக்கு நிஜப் பரீட்சை. பையன் இருபதில் ஊர்ந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒவ்வொரு குழியையும் பின் சக்கரம் இறங்குவது வரைக்கும் கவனித்தான்.

வந்து இறங்கியதும் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தூக்கிப் போடல. நம்ம வண்டிய விட இடுப்புக்கு நல்லாத்தான் கீது. ஆனா ஒக்காந்தா வழுக்கினு போறா மாதிரி கீதுடா. புடிக்க ஒண்ணும் இல்ல."

பேஸ் மாடலில் குழாய் மாதிரி பெரிய பிடி வரும் என்று சேல்ஸ் தம்பி அப்போதுதான் சொன்னான். அதுவரை சொல்லவில்லை, ஏனென்றால் பேஸ் மாடலை யாரும் கேட்கவில்லை. பையன் முகம் தொங்கியது. பேஸ் மாடலில் அலாய் வீல் கிடையாது, பின்னால் டிரம் பிரேக், ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும். பிரேக் விஷயத்தில் பையன் வருத்தம் நியாயம்தான். மழைக்கால ஹைவேயில் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இருப்பது அழகுக்கு அல்ல. பிடியா பிரேக்கா என்று ஒரு குடும்பம் யோசிக்க வேண்டி வந்தது, இரண்டும் பின்னால் இருப்பவரின் பத்திரத்துக்குத்தான்.

அதோடு லோன். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம், "11 பர்சென்ட்தான் சார், மாசம் 3,694" என்றார் பைனான்ஸ்காரர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது ஃபிளாட் வட்டி. அதாவது பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு லட்சத்துக்கே வட்டி ஓடும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் அதே 11 சதவீதம் என்றால் மாதம் 3,274 ரூபாய்தான். மாதம் 420 ரூபாய் வித்தியாசம், 36 மாதத்துக்குப் பதினைந்தாயிரம். ஜி.எஸ்.டி.யில் மிச்சமான பணம் மொத்தமும் இங்கே போய், மேலே கொஞ்சமும் போகிறது. அந்த ஃபிளாட் 11 என்பது நிஜத்தில் சுமார் 19.5 சதவீத வட்டி. "ஃபிளாட்டா, குறையுற வட்டியா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பையன் கேட்டான். அவரும் வைத்தார். போதாததற்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். இன்சூரன்ஸ் தனி.

அன்றைக்கு அட்வான்ஸ் கட்டவில்லை. பஸ்ஸில் பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் யாரும் பேசவில்லை. டோல்கேட் தாண்டியதும் நைனா, "அவளுக்கு ஓ.டி. வந்தப்புறம் பாக்கலாம்" என்றார். அம்மா, "ஓ.டி. வர்ற வரைக்கும் முதுகு நிக்குமா?" என்றார். அதற்கப்புறம் ஆம்பூர் வரைக்கும் மறுபடி அமைதி.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்தார்கள். ஃபோன் செய்து, பேஸ் மாடலில் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அம்மாவே சொல்லியிருந்தார். கருப்பு வண்டி ஒன்றை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அம்மா கையில் எக்ஸ்ரே கவர் இல்லை, தினமும் கம்பெனிக்குக் கொண்டுபோகிற டிபன் பை இருந்தது. உள்ளே நிஜமாகவே சாப்பாடு.

ஏறி உட்கார்ந்தார். குழாயைப் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பையை எங்கே மாட்டுவது என்று தேடினார். ஸ்பிளெண்டரில் நைனா ஒரு கொக்கி போட்டுவைத்திருக்கிறார், பதினாறு வருடமாக அங்கேதான் பை தொங்குகிறது. இதில் ஒன்றும் இல்லை.

"தம்பி, இதுக்கு ஒரு கொக்கி போட்டுத் தருவீங்களா?"

27 நியூட்டன் மீட்டரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற தம்பி முழித்தான். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு சர்வீஸ் ஷெட்டுக்குள் ஓடினான். நைனா அதற்குள் குனிந்து, சேலை கார்டு கம்பியின் கனத்தை விரலால் அளந்துகொண்டிருந்தார், கொக்கியை அதில் மாட்டினால் தாங்குமா என்று. பையன் எதுவும் சொல்லவில்லை. கார்டைக் கழற்றுகிற திட்டம் அந்த நிமிஷத்தில் முடிந்துபோனது.