அடைத்த உயிர் அமானிதம்

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் தீவனம் தேடி எலி வரும்; எலியைத் தேடி நஞ்சற்ற சாரைப்பாம்பு வரும். அதைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கலாமா என மத்ரஸா மாணவர்கள் நம்மிடம் கேட்கின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை.

மார்க்கம் இன்னும் ஆழமாகப் பேசுகிறது. பூனையை அடைத்து, உணவளிக்காமலும் இரைதேட விடாமலும் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். வளர்த்தது குற்றமன்று, அடைத்தபின் கைவிட்டதே குற்றம். பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு வெப்பம், தண்ணீர், மறைவிடம், இரை யாவும் நம் பொறுப்பு.

வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், உரிமம் பெற்றுப் பிடித்த பாம்புகளை மண்பானைகளில் வைத்து, நஞ்செடுத்தபின் சில வாரங்களில் விட்டுவிடுகின்றனர். உயிர்காக்கும் மருந்துக்கே இவ்வளவு வரம்பு உண்டெனில், வேடிக்கைக்காக அடைக்க நமக்கு ஏது உரிமை? சாரையைக் கண்டால் வழிவிடுவோம்; வீட்டுக்குள் புகுந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ அறிவிப்போம்.