இடம் பெயர்ந்த வெளிச்சவீடு

கலங்கரை விளக்கம் என்று நூல்கள் கூறும். நமது கரையோரத்தவர் வெளிச்சவீடு என்பர். எனக்குப் பின்னதே பிடிக்கும். வீடென்றால் அதைப் பேண ஆட்கள் வேண்டுமல்லவா? அவ்வாறு ஓர் ஊரே திரண்டு பேணிய வெளிச்சவீடொன்று அமெரிக்காவிலே, மாசாச்சுசெற்ஸ் மாநிலத்து மார்த்தாஸ் வினியார்ட் தீவின் மேற்கு முனையில் உண்டு. கே ஹெட் என்பது அதன் பெயர்.

அங்கே 1799 இல் மரக்கோபுரமொன்றில் விளக்கேற்றினர். இன்றுள்ள செங்கற் கோபுரம் 1856 இல் எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்த முறையில் 1,008 பளிங்குப் பட்டகங்களை அடுக்கிச் செய்த வில்லை, எண்ணெய் விளக்கின் ஒளியைத் திரட்டிக் கடல்மேல் நெடுந்தூரம் வீசியது.

அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, 1884 ஜனவரி 18 ஆம் திகதி, ‘சிற்றி ஒவ் கொலம்பஸ்’ என்னும் நீராவிக்கப்பல் அருகிருந்த பாறைத்தொடரில் மோதிற்று. 103 பேர் மாண்டனர். உறையும் குளிரில் பாய்மரக் கயிறுகளைப் பற்றித் தொங்கியோரை மீட்கத் தோணி தள்ளிச் சென்றவர்கள், அவ்வூரின் பூர்வகுடிகளாகிய வம்பனோக் மக்கள். பிற்காலத்தில் அக்குலத்தவரான சார்ள்ஸ் வான்டர்ஹூப் என்பவரே 1920 முதல் 1933 வரை அதன் விளக்குக் காவலராகவும் இருந்தார். அயலார் கட்டிய கோபுரம் அம்மக்களுக்குச் சொந்தமானது இவ்விதம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் கோபுரம் நின்ற குன்றோ வெறுங் களிமண். அலையும் மழையும் அரித்து அரித்து, இறுதியில் விளிம்புக்கும் கோபுரத்துக்கும் இடையே 50 அடிகூட எஞ்சவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டும் இக்காலத்தில் பழைய கோபுரம் எதற்கு என்று கேட்பவர் எங்கும் உளர். கணக்கின்படி அவர் கேள்வி பிழையன்று. அக்வினா என இன்று அழைக்கப்படும் அச்சிற்றூரின் குடித்தொகை 2010 இல் 311 மாத்திரமே. எனினும் ஊரார் கோபுரத்தைத் தம் பொறுப்பில் ஏற்றனர்; அயலூர்களும் அன்பர்களும் உதவ, ஏறத்தாழ 30 இலட்சம் டொலர் திரண்டது.

2015 மே மாத இறுதியில், சுமார் 400 தொன் நிறையுள்ள கோபுரத்தை அடியோடு தூக்கி, உருக்கு உத்திரங்களின்மேல் இருத்தி, அங்குலம் அங்குலமாகத் தள்ளி, ஏறக்குறைய 130 அடி உள்ளே கொண்டுசென்றனர். செங்கல் பிளக்கவில்லை. ஓகஸ்டில் வெள்ளையும் சிவப்புமாக ஒளி மீண்டும் கடலை நோக்கியது. பழைய வில்லை தீவின் நூதனசாலையில் இருக்கிறது. களிமண் குன்று இன்றும் சரிந்துகொண்டேயிருக்கிறது.