ஆற்றில் பாதி

நுழையும்முன்
நீருக்கும் நிலத்துக்கும் உரிமை கேட்டு மக்கள் போராடிய வரலாறு பல நாடுகளில் உண்டு. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு தொடரின் பொருளை நிலைநாட்ட ஏறத்தாழ 120 ஆண்டுகள் போராடிய மக்களையும், அவர்களுள் ஒருவரையும் இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையின் பனியில் பிறந்து கடலை அடைகிறது நிஸ்குவாலி ஆறு. 1945ஆம் ஆண்டு, அவ்வாற்றில் தன் வலையை எடுத்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைக் காவலர்கள் கைது செய்தனர். நிஸ்குவாலிப் பழங்குடியைச் சேர்ந்த அவன் பெயர் பில்லி பிராங்க். முன்னோர் மீன்பிடித்த ஆற்றில் மீன்பிடித்ததே அவன் செய்த குற்றம். பின்னாளில் அவர் ஐம்பது முறைக்கும் மேல் கைதானார்.

அவர் விரித்தது செவுள் வலை. மேலே மிதவையும் கீழே எடையும் கட்டப்பட்டு, நீரில் திரைபோல் அது நிற்கும். மீனின் தலை கண்ணிக்குள் நுழையும்; உடல் நுழையாது. பின்வாங்கினால் செவுள் சிக்கும். சிறிய மீன்கள் கண்ணி வழியே தப்பிவிடும்.

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது சால்மன் மீன். அதன் எண்ணிக்கை குறைந்தபோது, பழங்குடியினரின் வலைகளே காரணம் என்றனர் அதிகாரிகள். ஆனால் பெரும்பகுதி மீனைக் கடலிலேயே பிறர் பிடித்துவிட்டனர். அணைகள் வழியை மறித்தன. காடழிப்பால் முட்டையிடும் இடங்களில் வண்டல் படிந்தது.

1854ஆம் ஆண்டின் மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில் பழங்குடியினர் தம் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர். மீன்பிடி உரிமையை விடவில்லை. வழக்கமான இடங்களில் குடிமக்களுடன் 'பொதுவாக' மீன்பிடிக்கலாம் என்றது ஒப்பந்தம். சில நூறு சொற்களே கொண்ட ஒரு வணிகக் கலப்புமொழியில்தான் இது அவர்களுக்கு விளக்கப்பட்டது. 'பொதுவாக' என்றால் மாநிலச் சட்டத்துக்கு எல்லாரையும்போல் கட்டுப்படுவது என்றது அரசு. பங்கு உண்டு என்றனர் பழங்குடியினர்.

1960களில் அவர்கள் தடையை மீறி ஆற்றில் இறங்கிப் போராடினர். தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் எதிர்கொண்டனர். 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை பழங்குடியினருக்கு உரியது. மீன்வளத்தைக் காக்கும் பொறுப்பிலும் அவர்களுக்குப் பங்குண்டு. சினமுற்றோர் நீதிபதியின் உருவபொம்மையைத் தூக்கிலிட்டனர். 1979இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

பாதி கிடைத்தது. ஆனால் எதில் பாதி? ஆற்றில் மீனே இல்லையெனில் உரிமை வெறும் தாளாகிவிடும். இதை உணர்ந்த பில்லி பிராங்க், தம்மை எதிர்த்த மீனவர்களோடும் அதிகாரிகளோடும் அமர்ந்து பேசினார். பழங்குடியினரின் மீன்வள ஆணையத்துக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். 2009இல் நிஸ்குவாலிக் கழிமுகத்தின் பழைய கரைகள் உடைக்கப்பட்டன. வயலாக்கப்பட்ட நிலத்தில் கடலின் ஓதநீர் மீண்டும் ஏறியது. 2014இல் அவர் மறைந்தார்.

சால்மன் இன்னும் பழைய அளவுக்குப் பெருகவில்லை. பங்கிடுவது நீதிமன்றத்தில் முடியும். பங்கிடுவதற்கு மீன் இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆற்றங்கரையில் நாள்தோறும் தொடரவேண்டிய பணி.